இன்னும் நல்ல சேலை

எங்கள் அண்ணியைப் பற்றி நான் பெருமையாகப் பேசினால் ஊரில் பாதிப் பேர் மூக்கின்மேல் விரலை வைப்பார்கள். நாத்தனார் வாயிலிருந்து நல்ல வார்த்தை வருகிறதா, இன்றைக்கு மழைதான் என்பார்கள். சொல்லட்டும். எனக்கும் அண்ணிக்கும் ஆயிரம் சண்டை உண்டு. குழம்பில் உப்பு கூடினதற்கு ஒரு சண்டை, குறைந்ததற்கு ஒரு சண்டை. அதெல்லாம் எங்கள் வீட்டுக்குள். வெளியில் யாராவது ஏலவார்குழலி என்ற பெயரை இளக்காரமாகச் சொல்லிப் பார்க்கட்டும், அப்புறம் இந்த மனோன்மணி யார் என்று தெரிந்துகொள்வார்கள்.

அண்ணி பிறந்தது வாலாஜாபாத்தில். அப்பாவுக்கு ரைஸ் மில்லில் எடை போடும் வேலை. பெண்ணுக்குக் காஞ்சிபுரத்து அம்மன் பெயரை வைத்தார். "பேர் வச்ச அன்னிக்கே உன்ன இந்த ஊருக்கு எழுதிக் குடுத்துட்டாங்க" என்று என் அண்ணன் குமாரவேல் அவளைக் கிண்டல் செய்வான். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்த பெண். 1966-இல் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துக்கு, எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தாள். எங்கள் வீட்டில் இரண்டு தறி. வந்த மறுமாதமே ஊடு நூலைத் தார் சுற்றவும் அறுந்த இழையை முடியவும் கற்றுக்கொண்டாள். படித்த திமிர் இருக்கும் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். திமிர் இருந்தது, ஆனால் அது படிப்பால் வந்தது இல்லை. பிறவியிலேயே இருந்தது.

காந்தி ரோட்டில் துரைக்கண்ணு முதலாளியின் பட்டுக் கடைக்குத்தான் அண்ணன் நெய்து கொடுத்துக்கொண்டிருந்தான். அந்தக் காலத்தில் கோயில் பார்க்க வரும் வெள்ளைக்காரப் பெண்கள் அப்படியே கடைக்கும் வருவார்கள். சேலையைக் கட்டிப் பார்க்க ஆசைப்படுவார்கள். கடையில் இருப்பவர்கள் எல்லாம் ஆண்கள். யார் கட்டிவிடுவது? முதலாளி அண்ணனைக் கூப்பிட்டு, "உன் வூட்டுக்காரி படிச்ச பொண்ணாமே, அனுப்பேன்பா" என்றார். 1970-இல் அண்ணி வேலைக்குப் போனாள். எங்கள் தெருவில் அதற்கு எத்தனை பேச்சு! நான் ஒரு வாரம் குழாயடியில் சண்டை போட்டே தண்ணீர் பிடித்தேன்.

அந்தக் கடையில் சேலை காட்ட மேஜை கிடையாது. இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை மெத்தை, மேலே வெள்ளை விரிப்பு. அதில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சேலையை விசிறிக் காட்டுபவன்தான் வியாபாரி. மற்றவர்கள் எல்லாம் நிற்கிறவர்கள். அண்ணி முதலில் கண்ணாடிப் பக்கம் நின்றாள். ஆறேழு மாதத்தில், வெள்ளைக்காரர்கள் வந்தால் மட்டும் மெத்தையின் ஓரத்தில் உட்காரலாம் என்று முதலாளி விட்டார். ஒரு பெண் அந்த மெத்தையில் உட்கார்ந்தது அதுவரை நடக்காத சமாச்சாரம். அந்த ஓரத்து இடம் அண்ணிக்கு உயிர். வீட்டுக்கு வந்ததும் முதலில் சொல்வது, "இன்னிக்கு உக்காந்தேன்" என்பதுதான்.

மெத்தையில் உட்காருபவர்களுக்கு முதலாளி ஒரு சட்டம் வைத்திருந்தார். எந்தச் சேலையையும் மட்டம் என்று சொல்லக் கூடாது, அது லட்சுமியைப் பழிக்கிற பேச்சு. அதே மாதிரி, எதையும் இதுதான் உச்சம் என்றும் சொல்லக் கூடாது. சொன்னால் மீதிச் சேலைகளை யார் வாங்குவார்கள்? "இது நல்லா இருக்குது. இது இன்னும் நல்லா இருக்குது. அவ்ளோதாம்பா. ஏணிய மேல மேல ஏத்திக்கினே இருங்க, மொட்ட மாடியக் காட்டாதீங்க" என்பார். கடை முழுக்க நாள் முழுக்க இன்னும், இன்னும் என்ற சத்தம்தான் கேட்கும்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். 1971, தை மாதம். அண்ணிக்குச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு நான் கடைக்குப் போயிருந்தேன். மெத்தையில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் உட்கார்ந்திருந்தாள். மெட்ராசில் அவள் வீட்டுக்காரருக்கு உத்தியோகமாம், அது முடிந்து ஊருக்குத் திரும்பப் போகிறார்களாம். இந்த ஊர் ஞாபகமாக ஒரே ஒரு சேலை வாங்க வந்திருந்தாள். பெட்டி பெட்டியாகப் பிரித்துப் பார்த்து மூன்றை ஒதுக்கி வைத்திருந்தாள். ஒன்று அரக்கு, ஒன்று நீலம், ஒன்று பச்சை. அந்த அரக்கைப் பார்த்ததும் எனக்கு வாயெல்லாம் பல். அது என் அண்ணன் நெய்தது. அதற்குத் தார் சுற்றியவள் நான்.

அண்ணி மெத்தை ஓரத்தில் உட்கார்ந்து முதலாளியின் சட்டப்படியே ஏணியை ஏற்றினாள். அரக்கை எடுத்துக் காட்டி, "திஸ் இஸ் குட், மேடம்" என்றாள். நீலத்தைக் காட்டி, "திஸ் இஸ் ஸ்டில் குட்" என்றாள். பச்சையைத் தூக்கிப் பிடித்து, "திஸ் இஸ் ஸ்டில் ஸ்டில் குட்!" என்றாள். எனக்கு என்ன தெரியும், அடேயப்பா என்று நின்றேன்.

அந்த அம்மாளின் முகம் சுருங்கியது. பச்சையை வாங்கி மூக்கில் வைத்து மோந்தாள். மடிப்பைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தாள். பிறகு சேலையைப் பார்த்துக்கொண்டே, "ஹௌ ஓல்டு?" என்று என்னவோ கேட்டாள். அண்ணி வெட்கத்தோடு சிரித்தாள். "டுவெண்டி ஃபைவ், மேடம்" என்றாள்.

அவ்வளவுதான். அந்த அம்மாள் சேலையைத் தேள் கொட்டிய மாதிரி கீழே போட்டாள். கைப்பையை எடுத்தாள், கறுப்புக் கண்ணாடியை மாட்டினாள், காரில் ஏறிப் போய்விட்டாள். வாசலில் டிரைவரிடம் அவள் கைலாசநாதர் கோயில் என்று சொன்னது மட்டும் எனக்குக் கேட்டது.

"இன்னாம்மா சொன்ன நீ? நல்லாத்தான உக்காந்துக்கினு இருந்தாங்க?" என்று முதலாளி பாய்ந்தார்.

"நம்ம சேல நல்லா இருக்குதுன்னுதாங்க சொன்னேன். வயசு கேட்டாங்க, சொன்னேன்."

மூலையில் கணக்கு எழுதும் சாமுவேலுக்கு மட்டும் சிரிப்புத் தாங்கவில்லை. மேஜையில் தலையை வைத்துக்கொண்டு குலுங்கினான். முதலாளி ஒரு அதட்டுப் போட்ட பிறகு நிமிர்ந்து கண்ணைத் துடைத்தான். "இன்னும் நல்லா இருக்குதுன்றத அப்படியே இங்கிலீஷ்ல தூக்கிப் போட்டுட்டியேம்மா! ஸ்டில் குட்னா இன்னும் கெட்டுப் போகலன்னு அர்த்தம். நேத்து வச்ச மீன் கொழம்ப மோந்து பாத்துட்டு, இன்னும் நல்லாத்தான் இருக்குதுன்னு சொல்லுவோமே, அது. பழைய சரக்குன்னு அந்தம்மா பயந்துட்டாங்க. அதான், சேலைக்கு இன்னா வயசுன்னு கேட்டாங்க. நீ உன் வயச சொல்லிட்ட."

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை நாளாக அந்த ஆண்கள் வெள்ளைக்காரர்களிடம் நைஸ் நைஸ் என்று கையை ஆட்டியதைத் தவிர வேறு என்ன கிழித்தார்கள்? இவள் நாலு வார்த்தை பேசப்போய்த்தானே தப்பு வந்தது?

அண்ணி சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. சாமுவேல் மேஜைக்கு நேராகப் போனாள். "அப்ப இன்னா சொல்லணும்?"

"பெட்டர். ஸ்டில் வேணும்னா முன்னாடி போட்டுக்க, பின்னாடி பெட்டர் வரணும். எல்லாத்துக்கும் மேலன்னா பெஸ்ட். பள்ளிக்கூடத்துல ஒப்பிச்சிருப்பியே."

ஒப்பித்திருக்கிறாள். குட் பெட்டர் பெஸ்ட், பேட் வொர்ஸ் வொர்ஸ்ட் என்று வீட்டில் எனக்கே சொல்லிக் காட்டியிருக்கிறாள். ஆனால் அது பள்ளிக்கூடத்து மனப்பாடம். கடையில் வாய்க்கு வந்தது கடையில் கேட்ட தமிழ். அந்தப் பெட்டருக்கும் இந்த இன்னுமுக்கும் ஒரு சம்பந்தம் உண்டு என்று அவளுக்கு எந்த டீச்சரும் சொல்லவில்லை.

"நீ ஒண்ணும் சொல்லவே வேணாம்" என்றார் முதலாளி. "நாளைலேந்து உள்ள போயி மடிப்பு வேலையப் பாரு. மெத்தைக்கு வராத. வர்ற லட்சுமியத் தொரத்திட்டியேம்மா."

அண்ணி முகம் வெளுத்தது. ஒரு நிமிஷம்தான். "நாளைலேந்துதான முதலாளி? இன்னிக்குப் பொழுது இன்னும் இருக்குது" என்றாள். அவர் வாயைத் திறப்பதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலில் இறங்கினாள். தூக்கு என் கையிலேயே ஆடிக்கொண்டிருந்தது.

எங்கள் தெருமுனை ஹயாத் பாஷாவின் ரிக்‌ஷா நின்றது. ஏறினோம். அந்த அம்மாள் போன இடத்தை நான் சொன்னேன். கைலாசநாதர் கோயில் வரை அண்ணி வாய் ஓயவில்லை. "அதவிட இது பெருசுன்னு நாம சொல்றோம். அவங்க தலகீழா, இது பெருசு அதவிடன்னு சொல்லணும். நடுவுல தேன் போடணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு கண்ணில் பட்டதையெல்லாம் பிடித்தாள். "மாடு இஸ் பிக்கர் தேன் ஆடு. கோபுரம் இஸ் டாலர் தேன் தென்னமரம்."

"இன்னா அண்ணி, தேன் தேன்னு? டாலுக்கு டாலர், பிக்குக்கு பிக்கர்னா, குட்டுக்கு குட்டர்தான வரணும்? பெட்டர் எங்கேந்து வந்துது?" என்றேன்.

"அது அப்படித்தாண்டி. வாய மூடிக்கினு வா."

"என்னியும் சேத்துக்கம்மா" என்றான் ஹயாத் பாஷா, மிதித்துக்கொண்டே. "பாஷா இஸ் பாஸ்டர் தேன் பஸ்!"

கோயிலில் அந்த அம்மாள் புல்தரையில் உட்கார்ந்து சிங்கத் தூணைப் பார்த்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அண்ணி எதிரில் போய் நின்று மார்பில் கையை வைத்தாள். "மேடம், டுவெண்டி ஃபைவ் இஸ் மீ. ஸாரி இஸ் நாட் டுவெண்டி ஃபைவ்."

அந்த அம்மாள் பென்சிலை நிறுத்தினாள்.

"ஸாரி இஸ் நியூ. ஸாரி இஸ் நியூவர் தேன்..." அண்ணி சுற்றுமுற்றும் பார்த்தாள். எதைச் சொல்வது? கண்ணுக்கு எட்டியவரை கோயில்தான் இருந்தது. "நியூவர் தேன் திஸ் டெம்பிள்" என்றாள்.

பல்லவ ராஜா கட்டிய கோயிலைவிடப் புதுசு என்று சொன்னால் யார் சேலை வாங்குவார்கள்? அந்த அம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அண்ணிக்கே அது தெரிந்துவிட்டது. அவசரமாகக் கையை ஆட்டி, "நோ, நோ. மை ஹவுஸ் கேட், பேபி கேட். ஸாரி இஸ் யங்கர் தேன் பேபி கேட்!" என்றாள். எங்கள் வீட்டுப் பூனை குட்டி போட்டிருந்தது, அதைச் சொன்னாள்.

அந்த அம்மாள் சிரித்தாள் பாருங்கள், பென்சில் புல்லில் விழுந்தது தெரியாமல் சிரித்தாள். பிறகு மெதுவாக ஏதோ சொன்னாள், அண்ணி அப்புறம் எனக்கு அதைச் சொன்னாள். முன்பு எங்கேயோ அவள் வாங்கிய சேலை வருஷக்கணக்கில் மடித்தபடியே கிடந்த சரக்காம், வீட்டுக்குப் போய்ப் பிரித்ததும் மடிப்போடு இற்றுப்போய்விட்டதாம். அதிலிருந்து பயம். அண்ணி தலையை ஆட்டினாள். "கம், மேடம். ஐ ஷோ எவ்ரி ஃபோல்டு" என்றாள். நாங்கள் ரிக்‌ஷாவில் முன்னால் போக, அவள் கார் பின்னால் வந்தது.

கடைக்குள் அந்த அம்மாளோடு நுழைந்தபோது முதலாளிக்குக் கண்ணை நம்ப முடியவில்லை. அந்நேரம் வேலூரிலிருந்து ஒரு கல்யாண கோஷ்டி வந்து மெத்தையை நிறைத்திருந்தது. அண்ணி மூன்று சேலைகளையும் ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்து வெளிச்சத்தில் காட்டினாள். எல்லாம் புத்தம் புதுசு. அந்த அம்மாள் நிம்மதியாக மூச்சு விட்டாள். ஆனால் எடுத்துக்கொண்டு போகவில்லை. அண்ணியை நேராகப் பார்த்து, "விச் இஸ் தி பெஸ்ட்? ட்ரூலி?" என்றாள்.

பெஸ்ட் என்ற வார்த்தை முதலாளிக்கும் தெரியும். அவர் வேகமாக முன்னால் நகர்ந்தார். "எல்லாமே ஒண்ணவிட ஒண்ணு ஒசத்தின்னு சொல்லும்மா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு தமிழில் சொன்னார். சேலை மூன்றும் ஒன்றையொன்று எப்படி மிஞ்சும் என்பது அவருக்கே வெளிச்சம்.

அண்ணி மூன்று சேலைகளையும் வரிசையாக வைத்தாள். அவள் மனதில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரிந்தது. சட்டத்தை மீறினால் மெத்தை போனது போனதுதான். முதலாளி சொன்னபடி சொன்னால், மறுபடியும் ஓரத்தில் ஒரு இடம் கிடைத்தாலும் கிடைக்கும். கேட்டவளோ ஒரே ஒரு சேலையோடு கடல் தாண்டிப் போகப்போகிறவள்.

அண்ணி அரக்கைத் தொட்டாள். "திஸ் இஸ் குட்." நீலத்தைத் தொட்டாள். "திஸ் இஸ் பெட்டர் தேன் தட்." பச்சையை எடுத்து அந்த அம்மாள் மடியில் வைத்தாள். "அண்ட் திஸ் இஸ் தி பெஸ்ட்." அந்த அம்மாளின் விரலைப் பிடித்து, உடலும் கரையும் சேர்கிற கோர்வையின்மேல் ஓட்டிக் காட்டினாள். பச்சையில் விரல் வழுக்கிக்கொண்டு போனது. அரக்கில் முந்தானை ஓரம் இரண்டு இடத்தில் தட்டியது.

எனக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று, விளங்குவதற்கு. ரிக்‌ஷாவில் கேட்ட இங்கிலீஷ் போதுமே. கட்டின புருஷன் நெய்த சேலை, நான் தார் சுற்றிய சேலை, அதைக் கொண்டுபோய்க் கடைசியில் தள்ளிவிட்டாள்! பாவி, ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் முத்து உதிர்ந்துவிடுமா? எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அந்த அம்மாள் பச்சையை மார்போடு அணைத்துக்கொண்டாள். அண்ணியின் கையைப் பிடித்து "தேங்க் யூ" என்றாள், அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் கார் போனதும் முதலாளி அண்ணி பக்கம் திரும்பினார். திட்ட ஆரம்பிக்குமுன், வேலூர்க் கோஷ்டியில் கல்யாணப் பெண்ணின் அம்மா குறுக்கே விழுந்தாள். "ஏம்பா, அந்தப் பொண்ணு இன்னா சொல்லிச்சு?"

சாமுவேல் விஷயத்தைச் சொன்னான்.

"அப்ப அந்தப் பொண்ண இங்க வரச் சொல்லு. காலைலேந்து நீங்க எல்லாம் இன்னும் நல்லது, இன்னும் நல்லதுன்னே சொல்லிக்கினு இருக்கீங்க, இது எங்கதான் போயி முடியும்னு தெரியல. எதுப்பா நல்லதுன்னு நெஞ்சத் தொட்டுச் சொல்ல ஒரு ஆளு வேணும்."

முதலாளி அவளைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "அங்க ஏன் ஓரமா நிக்கிற? நடுவுல வந்து உக்காரும்மா" என்றார். அண்ணி வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு ஆண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். அன்றைக்கு உட்கார்ந்தவளை அப்புறம் யாரும் எழுப்பவில்லை. அதற்குப் பிறகு வந்த வருஷங்களில் கல்யாண கோஷ்டிகள் வாசலிலேயே "குழலியம்மா இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பைக் கழற்றினார்கள்.

ஆனால் அன்று சாயங்காலம் எனக்கு அந்தப் பெருமை எல்லாம் வரவில்லை. வீட்டு வாசலை மிதித்ததும் மிதிக்காததுமாகத் தறியில் இருந்த அண்ணனிடம் போட்டுக் கொடுத்தேன். "உன் பொண்டாட்டி உன் அரக்குச் சேலைய மூணாவதுன்னு சொல்லிட்டாண்ணா! ஊரான் நெய்ஞ்ச பச்சதான் ஒசத்தியாம்!"

தறிச் சத்தம் நின்றது. அண்ணன் அண்ணியைப் பார்த்தான். "நெசமாவா?"

"ஆமாங்க."

"என்னுதுல இன்னா?"

"கோர்வைல முந்தானப் பக்கம் ரெண்டு எடத்துல தட்டுது. அப்ப உங்களுக்குக் காய்ச்சல், படுங்கன்னா கேக்கல." அவள் தறிப் பக்கம் வந்து நின்றாள். "நல்ல சேலதாங்க. அந்தப் பச்ச அதவிட நல்லா இருந்துது."

அண்ணன் தறியை விட்டு எழுந்தான். சாப்பிட்டான், கை கழுவினான், படுத்துக்கொண்டான். அண்ணி அடுப்படியை இரண்டு தடவை மெழுகினாள். மெத்தையின் நடுவில் உட்கார்ந்ததை அவள் வாயைத் திறந்து சொல்லவே இல்லை. எனக்கே கொஞ்சம் பயமாகிவிட்டது.

விடிந்ததும் நான் குழாயடியில் குடத்தோடு நின்றேன். எதிரில் டீக்கடை. அண்ணன் டீ குடித்துக்கொண்டிருந்தான். சேதி அதற்குள் தெரு முழுக்கப் பரவியிருந்தது. பக்கத்துத் தெருத் தறிக்காரன் ஒருவன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "இன்னா குமாரு, மூணு சேலைல உன்னுது மூணாவதாமே? உன் பொண்டாட்டியே சொல்லிட்டாளாமே?" என்றான். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அண்ணன் கிளாஸைக் கீழே வைத்தான். "ஆமா, மூணாவதுதான். வூட்டுக்காரன் நெய்ஞ்சதுன்னு தெரிஞ்சும், முதலாளி மொறைச்சிக்கினு நிக்கறப்பவே, இங்கிலீஷ்ல சொல்லிட்டு வந்திருக்குது. நேத்து ராத்திரி என் மூஞ்சிக்கு நேராவும் சொல்லிச்சு. உங்க வூடுங்கள்ல அப்படி ஒரு பொம்பள இருந்தா இட்டுக்கினு வாங்க, பாக்கலாம்."

சிரிப்பு நின்றது. என் குடம் பாதிகூட நிரம்பவில்லை. அதை அப்படியே குழாயடியில் விட்டுவிட்டு, அண்ணியிடம் சொல்ல வீட்டுக்கு ஓடினேன்.